ராட்டினம் யாருக்குச் சொந்தம் என்பது பற்றி

எனக்கு வயது நாற்பத்தாறு. பொருட்காட்சித் திடலில் பெரிய ராட்டினத்தின் டிக்கெட் கூண்டில் உட்கார்ந்திருப்பவள் நான்தான். 'டிக்கெட்டக்கா' என்று கேட்டால் திடலில் யாரும் கை காட்டுவார்கள். தகப்பனார் ராட்டினக்காரர், உயிருடன் இல்லை. குடியிருப்பது திடலுக்குப் பின்பக்கத் தெருவில், சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே உள்ள மாடி வீட்டில். எனக்கு ஓர் அண்ணன், ஒரு தம்பி. நேற்று மதியம் எங்கள் ராட்டினம் ஆட்களோடு நின்றுபோனது தொடர்பாக என் தம்பியை இந்தக் காவல் நிலையத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். அவன்மேல் வழக்குப் போட்டு உள்ளே அனுப்புவதா இல்லையா என்பது இனிமேல்தான் முடிவாகும் என்று சொன்னார்கள். என்னை யாரும் மிரட்டவில்லை, ஆசை காட்டவும் இல்லை. நான் பேசுகிறேன், ரைட்டர் ஐயா எழுதுகிறார். கொஞ்சம் மெதுவாகப் பேசும்படி அவர் இப்போதே சொல்லிவிட்டார்.

அந்த ராட்டினம் எங்கள் மூவருக்கும் பொது. அதில் ஆட்கள் உட்காரும் தொட்டிகள் பன்னிரண்டு. அப்பா போன பிறகு ஆளுக்கு நான்கு என்று பிரித்துக்கொண்டோம். அண்ணனுக்குச் சிவப்பு, எனக்கு மஞ்சள், தம்பிக்கு நீலம். அச்சு, தூண், மோட்டார், பிரேக் எல்லாம் பொதுவில். மோட்டாரை ஓட்டுவது ஆளுக்கு ஒரு நாள் முறை. தொட்டிகளை மாற்றி மாற்றிப் பிரித்துக்கொள்ளலாம் என்று அண்ணன் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். தம்பி கேட்கவில்லை. தன் நான்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் தன் ஆட்களைச் சட்டுப்புட்டென்று ஏற்றி இறக்க முடியும் என்று ஒரே பிடியாக நின்றான். "வீட்டைப் பிரிக்கலாம், கடையைப் பிரிக்கலாம். சுத்தற சக்கரத்தை எப்படிடா பிரிப்பே?" என்று அண்ணன் கேட்டார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து அல்லாடுகிறவள், சரி சரி என்று தலையாட்டிவிட்டேன். அப்படித்தான் எங்கள் சக்கரம் கேக் வெட்டியது போல மூன்று நிறத் துண்டாக ஆயிற்று.

ராட்டினத்தில் ஆள் ஏற்றுவதற்கு ஒரு முறை உண்டு. ஒரு தொட்டியில் ஆள் ஏறினால் அதற்கு நேர் எதிரே உள்ள தொட்டியிலும் அதே அளவுக்கு ஆள் ஏற வேண்டும். ஆள் இல்லாவிட்டால் மணல் மூட்டையாவது வைக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு பக்கம் பாரம் கூடிப்போய் மோட்டார் திணறும். நாங்கள் பிரித்துக்கொண்ட முறையில் யாருடைய தொட்டிக்கும் எதிர்த்தொட்டி அடுத்தவருடையதாகத்தான் இருக்கும். அதனால் எவ்வளவு முறைத்துக்கொண்டாலும் ஆள் ஏற்றும் நேரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான் ஆக வேண்டும். இது வழக்குக்குத் தேவையா என்று ரைட்டர் ஐயா கேட்டார். இதுதான் வழக்கே, எழுதுங்கள் என்று சொன்னேன்.

அண்ணனும் தம்பியும் நேரடியாகப் பேசிக்கொண்டு வெகுகாலம் ஆகிறது. தம்பி தன் பங்கை வெளியாள் ஒருவருக்கு விற்க வேண்டும் என்கிறான். அண்ணன் அதற்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். இது கோர்ட்டில் இருக்கிறது. தீர்ப்பு வரும்வரை அவரவர் தொட்டியை அவரவர் அனுபவிக்கலாம், அடுத்தவர் தொட்டியைத் தொடக்கூடாது என்று உத்தரவு. கோர்ட்டில் இருவரும் ஒரு நட்டு போல்ட்டைக்கூட விட்டுக்கொடுத்தது கிடையாது. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் இருவரும் என் கூண்டின் முன்னால் வந்து பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு, "அவன்கிட்ட சொல்லு", "அவருகிட்ட சொல்லு" என்று என் வழியாகத்தான் பேசுவார்கள். எனக்குத் தொண்டை கட்டிப்போகும்.

நேற்று பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் மதியத்திலிருந்தே கூட்டம். மோட்டார் ஓட்டும் முறை தம்பியுடையது. நான் கூண்டைத் திறந்தபோது அவனுடைய நான்கு நீலத் தொட்டிகளுக்கும் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. என்னடா இது என்று கேட்டதற்கு, அண்ணன் கையெழுத்துப் போடும்வரை தன் தொட்டியில் யாரும் ஏறப் போவதில்லை என்றான். அப்போது அண்ணன் வந்தார். பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"நாலு தொட்டி காலியா இருந்தா சக்கரம் ஓடாதுன்னு அவன்கிட்ட சொல்லு. மணல் மூட்டையாவது வைக்கச் சொல்லு" என்றார்.

"என் தொட்டிக்குள்ள எதுக்கு அவரோட மூட்டை? தொடக் கூடாதுன்னு கோர்ட்டு சொன்னது அவருக்குத் தெரியாதாமா?" என்றான் தம்பி.

"அப்ப இன்னைக்கு ஓட்ட வேணாம்னு சொல்லு."

"இன்னைக்கு என் முறைன்னு சொல்லு."

இருவருக்கும் நடுவில் நான் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. எல்லாமே அவர்கள் காதில்தானே விழுகிறது! அண்ணன் கையை உதறிவிட்டு, திடலின் மறுகோடியில் இருக்கும் எங்கள் பட்டறைக்குப் போய்விட்டார். அதன் பிறகு நான் என் நான்கு தொட்டிக்கும் அண்ணனுடைய நான்கு தொட்டிக்கும் டிக்கெட் கிழித்துக் கொடுத்தேன். ஆட்கள் ஏறினார்கள். என் மஞ்சள் தொட்டி ஒன்றில் இரண்டு சிறுமிகள் ஏறினார்கள், அக்காவும் தங்கையும் போலிருந்தது. சிவப்புத் தொட்டி ஒன்றில் கனத்த உடம்புள்ள ஒரு பெரியவர் தனியாக ஏறினார். தொட்டி கிறீச்சிட்டது, அவரே சிரித்துக்கொண்டார்.

அதன் பிறகு தம்பி மோட்டாரைப் போட்டான். பாரமான பக்கம் மேலே ஏறும்போது மோட்டார் முக்கியது. காலிப் பக்கம் ஏறும்போது எகிறிக்கொண்டு ஓடியது. அவன் நிறுத்தப் போகும் நேரத்தில் பெல்ட் அறுந்தது. உடனே பிரேக்கைப் போட்டான், மேலே ஏறி மிதித்தான் என்றே சொல்ல வேண்டும். பிரேக் கட்டை புகைந்து கருகிப் பிடிப்பு விட்டுப்போனது. சக்கரம் தன் இஷ்டத்துக்குப் பின்னால் ஓடி, திரும்பி முன்னால் ஓடி, மறுபடி பின்னால் ஓடிற்று. மேலே இருந்தவர்கள் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. கடைசியில் காலியான நீலத் தொட்டிகள் உச்சியிலும் ஆள் இருந்த தொட்டிகள் பக்கவாட்டிலும் கீழேயுமாக நின்றது. கனத்த உடம்புப் பெரியவரின் தொட்டி தரையை ஒட்டி அடியில் இருந்தது. சிறுமிகளின் தொட்டி இடது பக்கம், அச்சுக்கும் மேலே, மூன்றாவது மாடி உயரத்தில் நின்றது. சக்கரத்தைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. காற்று அடித்தால் ஆடியது.

பெரியவர் தன் தொட்டியின் கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைத்துவிட்டார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். அந்த நேரம் அண்ணன் பட்டறையிலிருந்து ஓடி வந்தார். அவருக்கு முழங்கால் வலி உண்டு, மாடிப்படி ஏறவே முனகுவார். அப்படி ஒரு ஓட்டத்தை நான் பார்த்ததில்லை.

"ஐயா, இறங்காதீங்க! உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், இறங்காதீங்க!"

"நான் இறங்கினா உனக்கென்னய்யா?"

"உங்க கனத்துலதான் இது இப்படியாவது நிக்குது. நீங்க இறங்கினா கண்டபடி திரும்பும். மேல பாருங்க, ரெண்டு புள்ளைங்க."

பெரியவர் மேலே பார்த்தார். சிறுமிகளில் சின்னவள் எழுந்து நின்று கதவைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். பெரியவர் காலை உள்ளே எடுத்து, கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டார். பிறகு எங்களைக் கண்டபடி திட்ட ஆரம்பித்தார். என்ன திட்டினார் என்பதை எழுத வேண்டாம். இப்போது புகார் கொடுத்திருப்பவரும் அவரேதான். கொடுக்கட்டும், அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. அவரைப் பற்றிக் கெடுதலாக ஒரு வார்த்தை என் வாயில் வராது.

தீயணைப்பு வண்டிக்குச் சொல்லிவிட்டிருந்தார்கள். திடலுக்கு வரும் தெரு முழுக்கக் கூட்டமும் கடைகளுமாக அடைத்துக் கிடந்ததால் அது உள்ளே வர முடியவில்லை. அதற்குள் என் தம்பி செருப்பைக் கழற்றுவதைப் பார்த்தேன். அண்ணனும் கழற்றிக்கொண்டிருந்தார். ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்த மோட்டார் வருவதற்கு முன்பு அப்பா ஒரு சின்ன ராட்டினம் வைத்திருந்தார். அதற்கு மோட்டார் கிடையாது. அண்ணனும் தம்பியும்தான் அதற்கு மோட்டார். இருவரும் ஆரக்கால்மேல் ஏறி, வெளிவிளிம்புக்குப் போய்த் தொங்கினால் அந்தப் பக்கம் இறங்கும், உள்ளே அச்சுக்கு வந்தால் நிற்கும். இந்தப் பெரிய சக்கரத்தில் அப்படிச் செய்யலாம் என்று யாரும் கனவில்கூட நினைத்ததில்லை.

அதன் பிறகு அண்ணன் வலது தூணின் ஏணியிலும் தம்பி இடது தூணின் ஏணியிலும் ஏறினார்கள். அச்சுக்குப் போனதும் அண்ணன் வலப்பக்கத்து ஆரக்காலிலும் தம்பி இடப்பக்கத்து ஆரக்காலிலும் வெறுங்காலோடு நடக்க ஆரம்பித்தார்கள். பிடித்துக்கொள்ள மேலே ஒரு கம்பி மட்டும்தான். தம்பி ஓரடி வெளியே வைத்தால் இடது பக்கம் லேசாக இறங்கியது. அதிகம் இறங்கினால் அண்ணன் எதிர்ப்பக்கம் ஓரடி வெளியே வைத்தார், நின்றது. இவன் இரண்டு அடி, அவர் ஓரடி. அவர் உள்ளே, இவன் வெளியே. அவ்வளவு பெரிய இரும்புச் சக்கரம், எத்தனை டன்னோ தெரியாது, இரண்டு மனிதர்களின் கால் சொன்ன பேச்சைக் கேட்டு நகர்ந்தது. நான் பிறந்ததிலிருந்து ராட்டினத்தின் அடியில் வாழ்கிறவள். மோட்டார் சத்தம் இல்லாமல் இந்தச் சக்கரம் திரும்பி நான் கேட்டதே இல்லை. சங்கிலி உரசுவதும் அண்ணன் மூச்சு வாங்குவதும் கீழே வரை கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போயிற்று. இதை அப்படியே எழுதச் சொன்னேன்.

முதலில் இடது பக்கத் தொட்டி ஒன்று தரைக்கு வந்தது. நான் கூண்டை விட்டு வந்து கதவைத் திறந்து ஆட்களை இறக்கினேன். இறங்கியவர்களைப் பார்த்து, "இடது பக்கம் ரெண்டு பெரிய ஆளு குறைஞ்சாச்சு!" என்று மேலே பார்த்துக் கத்தினேன். அதற்கேற்றபடி அவர்கள் இடம் மாறிக்கொண்டார்கள். பிறகு வலது பக்கம் ஒன்று. "ஒரு பொம்பளை, ஒரு கைக்குழந்தை!" என்று கத்தினேன். பிறகு இடது. இப்படி மாற்றி மாற்றி ஒவ்வொரு தொட்டியாக ஆட்கள் இறங்கினார்கள். நான் சொன்னதை இருவரும் ஒரே நேரத்தில் கேட்டது நேற்றுதான். பெரியவர் ஒரு பக்கம் உயர்ந்தார், மறுபக்கம் உயர்ந்தார், ஒவ்வொரு தடவையும் தரையைத் தொடும்போது எங்களைத் திட்டினார், ஆனால் தாழ்ப்பாளில் கை வைக்கவில்லை.

கடைசியில் சிறுமிகளின் தொட்டியும் பெரியவரின் தொட்டியும் மட்டும் மிஞ்சின. இரண்டு குழந்தைகளின் கனம் எந்த மூலைக்கு? அவர்கள் கீழே வர வேண்டுமானால் பெரியவர் அவ்வளவு உயரத்துக்குப் போக வேண்டும். அவரை அவ்வளவு தூரம் தூக்க என் தம்பி ஒருவன் போதாது. அவன் ஆள் குச்சி. அண்ணனும் இடது பக்கத்துக்கே வந்தாக வேண்டும். அந்தப் பக்கத்து விளிம்பில் நிற்க இடம் இருந்தது தம்பியின் நீலத் தொட்டிகளில்தான். தம்பி ஒன்றின்மேல் நின்றுகொண்டிருந்தான். அண்ணன் அச்சைத் தாண்டி அந்த ஆரக்கால் முனைவரை போனார். போய், நின்றுவிட்டார்.

"ஏறட்டுமாடா?" என்று கேட்டார்.

திடல் முழுக்கக் கேட்டது. அடக் கடவுளே, உயிர் போகிற இடத்தில் அனுமதி கேட்கிறாரே இந்த மனுஷன் என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"கேக்கற நேரமாண்ணா இது! ஏறு" என்றான் தம்பி. பிறகு தான் ஒதுங்கி இடம் விட்டு, கை நீட்டினான்.

ஒரே தொட்டியின்மேல் இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சக்கரம் திரும்பிற்று. சிறுமிகள் இறங்க இறங்க, எதிர்ப்பக்கத்தில் பெரியவர் ஏறிக்கொண்டே போனார். தரையில் ஒரு எட்டு வைத்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர், முன்பின் தெரியாத இரண்டு குழந்தைகளுக்காக மூன்று மாடி உயரத்துக்குப் போய் உட்கார்ந்திருந்தார். அப்போது மட்டும் அவர் திட்டவில்லை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். நான் சிறுமிகளைத் தூக்கி அவர்கள் தாயிடம் கொடுத்தேன். கொடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது, மேலே அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் இவர்கள் இருவருமாக, அந்தச் சக்கரம் அப்படியே அசையாமல் நின்றது. என்னையறியாமல் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அதன் பிறகு பெரியவரை இறக்க இருவரும் அடி அடியாக அச்சை நோக்கி உள்ளே வந்தார்கள். தொட்டியை விட்டு ஆரக்காலுக்கு இறங்கும்போது அது அசைந்து, அதில் பூட்டியிருந்த சங்கிலிக்கும் விளிம்புக்கும் நடுவில் அண்ணனின் இடது கை மாட்டிக்கொண்டது. கையை உதறி எடுத்தால் சக்கரம் குலுங்கும் என்பதால், தம்பியை மட்டும் மெல்ல உள்ளே போகச் சொல்லிவிட்டு, அவர் அப்படியே நின்றார். பெரியவர் தரையில் கால் வைக்கும்வரை சத்தம் போடவில்லை. பெரியவர் இறங்கின பிறகுதான் "அம்மா" என்றார். தம்பிதான் சாவியால் பூட்டைத் திறந்து கையை எடுத்துவிட்டு, அவரைத் தன்னோடு அணைத்துக்கொண்டு ஏணி வழியாக இறக்கிக் கொண்டுவந்தான். அண்ணனுக்கு இரண்டு விரல்கள் நசுங்கிவிட்டன. மருத்துவமனையில் இருக்கிறார். ராட்டினத்தில் ஏறிய யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அதன் பிறகு காவலர்கள் வந்தார்கள், மோட்டார் யார் முறை என்று கேட்டார்கள், தம்பி தன் முறை என்றான், அவனை அழைத்து வந்துவிட்டார்கள்.

இதுவரை எழுதியதை ரைட்டர் ஐயா வாசித்துக் காட்டினார். அதன் பிறகு இன்ஸ்பெக்டர் ஐயா ஒரே ஒரு கேள்வி கேட்டார். ராட்டினம் யாருக்குச் சொந்தம் என்று கேட்டார். மூன்று பேருக்கும் சமம் என்று சொன்னேன். அவர் சிரித்தார். என் அண்ணன் காலையில் மருத்துவமனையில் கொடுத்த வாக்குமூலத்தில், ராட்டினம் முழுவதும் தன் ஒருவருக்கே சொந்தம், தம்பி தன்னிடம் கூலிக்கு வேலை பார்ப்பவன், தங்கைக்கு இதில் சம்பந்தமே இல்லை, வருவது எல்லாம் தன் தலையில்தான் என்று சொல்லியிருப்பதாகச் சொன்னார். என் தம்பி நேற்று இங்கே கொடுத்த வாக்குமூலத்தில், பன்னிரண்டு தொட்டியும் தன்னுடையவை, அண்ணனுக்கும் அக்காவுக்கும் ஒரு ஆணிகூடப் பங்கில்லை என்று சொல்லியிருப்பதாகச் சொன்னார். இருவரும் பேசிவைத்துக்கொள்ள வழியே இல்லை என்றும் சொன்னார்.

ரைட்டர் ஐயா தண்ணீர் கொடுத்தார், குடித்தேன். பிறகு கோபம் வந்தது. எத்தனை வருஷம் என் காதைத் தின்றார்கள், என் பங்கு என் பங்கு என்று! இப்போது இரண்டு பேருமாக என் பங்கையும் சேர்த்து விழுங்கப் பார்க்கிறார்களே! அழுதுகொண்டேதான் இதைச் சொன்னேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

சங்கிலி போட்டது தம்பி. ஓடாது என்று தெரிந்தும் கோபித்துக்கொண்டு போனது அண்ணன். இரண்டையும் பார்த்துக்கொண்டே டிக்கெட் கிழித்துக் கொடுத்தது நான். அந்த மஞ்சள் தொட்டிகள் நான்கும் என்னுடையவை, அவற்றை நான் யாருக்கும் விற்கவில்லை, எழுதியும் கொடுக்கவில்லை. ஆகவே வழக்கு என்று ஒன்று போடுவதானால் அதில் மூன்றில் ஒரு பங்கு எனக்குச் சேர வேண்டும் என்றும், என் பங்கை எடுத்துக்கொள்ள என் அண்ணனுக்கோ தம்பிக்கோ எந்த உரிமையும் இல்லை என்றும் இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். இதன் பொருள் உனக்குத் தெரியுமா என்று இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டார். தெரியும் என்று சொன்னேன்.

இவ்வளவும் என் வாயால் வந்தது. கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை. முழுவதையும் வாசிக்கக் கேட்டு, உண்மை என்று ஒப்புக்கொண்டு, என் கையால் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
பெரிய ராட்டினத்தின் உரிமையாளர்கள் மூவரில் ஒருத்தி